அடி தாங்கும் கான்கிரீட்

(திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், தத்துவம், வரலாறு என்று எதிர்பார்ப்பது வழக்கம். கான்கிரீட்டைப் பற்றிப் பேசட்டுமா என்று நான் கேட்டபோது அமைப்பாளர்கள் தயங்காமல் சம்மதித்தார்கள். அவர்களுக்கு முதல் நன்றி. கிழக்கேகோட்டையில் இதைப் பேசுவதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. இந்த ஊரில் சக்கரமும் காலும் மழைத்தண்ணீரும் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் இடம் இது. ஆள் நிறைந்த பேருந்து ஒன்று 15 டன் அளவுக்கு வரும். அப்படிப்பட்ட பேருந்துகள் விடியற்காலை தொடங்கி நள்ளிரவுவரை ஓடை மூடிகள்மேல் ஏறி இறங்குகின்றன. 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் அடைபட்ட ஓடைகளைத் தேடித் திறந்தார்களே, அப்போதுதான் நம் காலடியில் எத்தனை கால்வாய் ஓடுகிறது என்று பலருக்கும் தெரிந்தது. கால்வாய் இருந்தால் மூடி இருக்கும். மூடி இருந்தால் அதன்மேல் அடி விழும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பாரம் தாங்குவது ஒரு குணம், அடி தாங்குவது வேறொரு குணம். முதலாவதை மட்டும் சோதித்துவிட்டு இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் நாம் பல இடங்களில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எந்தக் கட்டட வேலையிலும் 'கியூப்' வார்ப்பார்கள். 150 மில்லிமீட்டர் கனசதுரம். 28 நாள் தண்ணீரில் வைத்து, எந்திரத்தில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தி, எந்தப் பாரத்தில் நொறுங்குகிறது என்று பார்ப்பார்கள். எம் 25 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். இந்த எண்ணைத்தான் ஒப்பந்தக்காரர் காட்டுவார், பொறியாளர் கையெழுத்துப் போடுவார். இது அழுத்தத்தைத் தாங்கும் பலம். அதே கான்கிரீட்டைப் பிடித்து இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதோடு, இழுவையில் அது முன்னறிவிப்பே தராது. விரிசல் கண்ட மறுகணம் இரண்டு துண்டு.

இப்போது பக்கத்தில் இருக்கும் பழவங்காடிக்கு வாருங்கள். கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நீங்களே உடைத்தும் இருப்பீர்கள். உரித்த தேங்காய் ஒரே வீச்சில் சிதறுகிறது. அதே தேங்காய் மட்டையோடு 20 மீட்டர் உயர மரத்திலிருந்து விழுகிறது, உடைவதில்லை. ஒன்றரைக் கிலோ காய் 20 மீட்டர் விழுந்தால் தரையைத் தொடும்போது அதனிடம் ஏறக்குறைய 300 ஜூல் ஆற்றல் இருக்கும். அந்த ஆற்றலை எங்காவது செலவழித்தே ஆக வேண்டும். மட்டை நசுங்கி, நார்கள் ஒன்றோடொன்று உரசி நழுவி, 3 சென்டிமீட்டர் தூரத்தில் காய் நிற்கிறது என்று வையுங்கள். சராசரியாக 10,000 நியூட்டன், அதாவது ஒரு டன் அளவுக்கு விசை. மட்டை இல்லாமல் வெறும் ஓடு கருங்கல்லில் மோதி 1 மில்லிமீட்டரில் நிற்க வேண்டுமென்றால் அதே 300 ஜூலுக்கு 30 டன். ஓடு மட்டையைவிடக் கடினமானதுதான், ஆனாலும் உடைவது ஓடுதான். அடி தாங்கும் கான்கிரீட்டை வடிவமைக்கும் கலை முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. வரும் ஆற்றலைப் பொருளுக்குள்ளேயே, சிறுகச் சிறுக, தூரம் கொடுத்துச் செலவழிக்க வேண்டும்.

அடி விழும்போது கான்கிரீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிவதில்லை. ஒரு பலகைமேல் பாரமான பொருள் வேகமாக விழுகிறது. விழுந்த இடத்திலிருந்து அழுத்த அலை ஒன்று கிளம்பி, நொடிக்கு மூவாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம் மீட்டர் வேகத்தில் பலகையின் அடிப்பக்கம் நோக்கி ஓடுகிறது. போகும் வழியில் அது கான்கிரீட்டை அழுத்துகிறது. அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்கும். அடிப்பக்கத்துக்குப் பின்னால் காற்றுதான் இருக்கிறது. அங்கே போய்த் திரும்பும்போது அழுத்த அலை இழுவை அலையாக மாறிவிடுகிறது. இழுவைதான் கான்கிரீட்டின் பலவீனம் என்று சொன்னேன் அல்லவா? அதனால் அடி மேலே விழ, சில்லு கீழே தெறிக்கிறது. ஓடை மூடியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால், மேலே ஒன்றும் தெரியாதபோதும் கீழே பொருக்கு உதிர்ந்து கம்பி தெரிவதுண்டு. துருவும் அதற்கு ஒரு காரணம். ஓயாத அடி இன்னொரு காரணம்.

கம்பி கட்டியிருக்கிறோமே என்று கேட்கலாம். கம்பி வேண்டும். அதை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கம்பிகள் 10, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. விரிசல் பிறப்பது ஜல்லிக்கும் சாந்துக்கும் நடுவே, மில்லிமீட்டருக்கும் சிறிய இடத்தில். அங்கிருந்து கம்பி வெகுதூரம். கம்பிக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் சுற்றியுள்ள கான்கிரீட் உதிர்ந்துவிடும்.

இந்த இடைவெளியைக் குறைத்தால் என்ன என்று 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ரோமுவால்டி என்ற பேராசிரியர் கேட்டார். பேட்சன் என்பவரோடு சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய எஃகு இழைக் கான்கிரீட் ஆராய்ச்சிக்கு அடித்தளம். மெல்லிய கம்பிகளை மிக நெருக்கமாக வைத்தால், விரிசல் வளரத் தொடங்கும் இடத்திலேயே அதை மறிக்கலாம் என்பது அவர் வாதம். சேற்றில் வைக்கோல் மிதித்துச் சுவர் வைத்த நம் முன்னோருக்கு இது அனுபவத்தில் தெரியும். ரோமுவால்டி அதற்கு முறிவியல் கணக்குப் போட்டார்.

இன்று சந்தையில் கிடைக்கும் எஃகு இழை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நீளம் 60 மில்லிமீட்டர், தடிமன் முக்கால் மில்லிமீட்டர், இரண்டு முனையும் கொக்கி போல வளைந்திருக்கும். எடை கால் கிராம்கூட வராது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 40 கிலோ போட்டால் 1,90,000 இழைகள். எல்லாவற்றையும் முனைக்கு முனை நீட்டி வைத்தால் பதினொன்றரைக் கிலோமீட்டர். கிழக்கேகோட்டையிலிருந்து புறப்பட்டால் கோவளத்தை நெருங்கிவிடலாம். அவ்வளவு நீளக் கம்பி, எட்டுத் திசையிலும் சிதறி, ஒரு மீட்டர் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கிறது. எந்த இடத்தில், எந்தத் திசையில் விரிசல் பிறந்தாலும் ஒரு சில இழைகளாவது குறுக்கே இருக்கும்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இழையைக் கான்கிரீட் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் முதலில் தோன்றும். அது தவறு. பிடி மிக இறுக்கமாக இருந்தால் விரிசல் திறக்கும்போது இழை அறுந்துவிடும். இழை அறுவதற்குச் செலவாகும் ஆற்றல் கொஞ்சம்தான். இழை அறாமல், கொக்கி நிமிர்ந்து, உரசிக்கொண்டே பிதுங்கி வெளியே வந்தால்தான் ஆற்றல் நிறையச் செலவாகும். உடைந்த மாதிரியைப் பிரித்துப் பார்த்தால், இருபுறமும் இழைகள் தாடி மயிர்போல நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொக்கிகள் ஏறக்குறைய நேராகியிருக்க வேண்டும். வெட்டுப்பட்டதுபோல் மொட்டையாக இருந்தால் அந்தக் கலவைக்கு அந்த இழை பொருந்தவில்லை என்று பொருள். கான்கிரீட்டின் பலத்தைக் கூட்டினால் இழையின் பலத்தையும் கூட்ட வேண்டும் என்ற விதி இதிலிருந்துதான் வருகிறது. எம் 25-க்குச் சரியாக இருந்த இழை எம் 70-இல் அறுந்து நிற்கும். அடியின் வேகம் கூடும்போது பிடியும் இறுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவான சோதனையில் நழுவிய இழை, வேகமான அடியில் அறுந்துவிடலாம்.

அடி தாங்கும் திறனை அளப்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 544-ஆம் குழு வகுத்தது. 150 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 64 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வட்டு ஒன்றை வார்க்கிறோம். அதன் நடுவில் ஓர் எஃகுக் குண்டை வைத்து, அதன்மேல் 4.54 கிலோ சுத்தியலை 457 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விடுகிறோம். ஓர் அடிக்கு 20 ஜூல். முதல் விரிசல் கண்ணில் படும்போது ஓர் எண்ணைக் குறிக்கிறோம். வட்டு விரிந்து, சுற்றி நிற்கும் நான்கு எஃகுத் தடுப்புகளில் மூன்றைத் தொடும்போது இன்னோர் எண். சாதாரணக் கான்கிரீட்டில் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே ஒன்றிரண்டு அடிகள்தான் இருக்கும். போதிய எஃகு இழை போட்டதில், விரிசல் விட்ட பிறகும் சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கும், வட்டு பிரிய மறுக்கும். எண்ணுகிற மாணவருக்குக் கை ஓய்ந்துவிடும். அந்த இரண்டாவது எண்ணில்தான் இழையின் மதிப்பு இருக்கிறது. முதல் விரிசலை இழை பெரிதாகத் தள்ளிப்போடுவதில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஒரே கலவையில், ஒரே நாளில் வார்த்த வட்டுகளில் ஒன்று மற்றொன்றைப்போல இரண்டு மடங்கு அடி தாங்கும். சுத்தியல் விழும் இடத்துக்குக் கீழே ஜல்லி இருந்ததா சாந்து இருந்ததா என்பதுகூட எண்ணை மாற்றிவிடும். எனவே இரண்டு மூன்று வட்டுகளை உடைத்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. துல்லியம் வேண்டுமென்றால் விசையை அளக்கும் கருவி பொருத்திய பெரிய எந்திரத்தில் ஒரு கான்கிரீட் உத்தரத்தை வைத்து அடிக்க வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சுத்தியல் காட்டும் விசை முழுவதும் உத்தரத்தை வளைப்பதில் செலவாவதில்லை. அசையாமல் கிடந்த உத்தரத்தைக் கிளப்பி ஓட வைப்பதிலேயே ஒரு பெரும்பங்கு போய்விடும். 1980-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நம் நாட்டிலிருந்து சென்ற நேம்குமார் பாந்தியாவும் அவருடைய ஆசிரியர் சிட்னி மிண்டெஸும் இதைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன் வெளியான பல எண்கள் கான்கிரீட்டை அதன் தகுதிக்கு மேல் புகழ்ந்திருந்தன. அதே பாந்தியாதான் பின்னாளில் கர்நாடகத்தின் தொண்டேபாவி கிராமத்தில் இழைக் கான்கிரீட்டில் மெல்லிய சாலை ஒன்றை அமைக்கத் துணைநின்றார். ஆய்வகத்தில் தொடங்கியதைக் கிராமத்துச் சாலைவரை கொண்டுசேர்த்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தைச் சேர்ந்தது. அந்த மையம் எஃகு இழைக் கான்கிரீட்டில் மேன்ஹோல் மூடி வடிவமைத்து, அந்தத் தொழில்நுட்பத்தைச் சிறு தொழில்முனைவோர் பலருக்குக் கொடுத்தது. அதுவரை தெருவில் இருந்தவை வார்ப்பிரும்பு மூடிகள். அவற்றை இரவோடு இரவாகப் பெயர்த்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள். மறுநாள் அந்தக் குழியில் விழுவது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகவோ சைக்கிளில் வரும் கூலித் தொழிலாளியாகவோ இருக்கும். கான்கிரீட் மூடியை யாரும் திருட மாட்டார்கள். வெறும் கான்கிரீட் மூடியோ ஓரம் பொரிந்து சீக்கிரம் உடையும். இழை சேர்த்தபோது ஓரம் நின்றது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இந்த மூடிகளுக்கு ஐ.எஸ். 12592 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. அதில் நான்கு வகை: எல்.டி. 2.5, எம்.டி. 10, எச்.டி. 20, இ.எச்.டி. 35. கடைசியில் நிற்கும் எண் டன் கணக்கு. நடைபாதைக்கு முதல் வகை போதும். பேருந்து ஏறும் இடத்துக்குக் கடைசி இரண்டில் ஒன்று. நடைபாதை மூடியைக் கொண்டுவந்து பேருந்துத் தடத்தில் போட்டால் எந்த இழையும் காப்பாற்றாது.

மூடி நன்றாக இருந்தாலும் அது உட்காரும் சட்டம் சமமாக இல்லாவிட்டால் பயன் இல்லை. சக்கரம் ஏறும்போது ஒரு பக்கம் தூக்கி, இறங்கும்போது 'டக்' என்று அடித்துக்கொள்ளும் மூடியைத் தினமும் கேட்கிறோம். அந்த ஒவ்வொரு சத்தமும் ஓர் அடி. சாலைக்குத் தார் மேல்பூச்சுப் போடும்போது மூடியின் மட்டத்தை உயர்த்தாமல் விட்டால், ஒவ்வொரு சக்கரமும் அந்தப் பள்ளத்தில் குதிக்கும். இதைச் சரிசெய்ய ஆராய்ச்சி தேவையில்லை. மட்டப்பலகையும் கொஞ்சம் சாந்தும் அக்கறையும் போதும்.

கடற்கரையைச் சொல்லாமல் திருவனந்தபுரத்தில் மோதலைப் பற்றிய பேச்சு முடியாது. வலியதுறையில் இருந்த பழைய இரும்புக் கடல்பாலத்தை 1947-இல் 'பண்டிட்' என்ற கப்பல் மோதி உடைத்தது. உயிர்களும் போயின. 1956-இல் அங்கே கான்கிரீட் பாலம் வந்தது. அதைக் கப்பல் மோதவில்லை, அலை மோதியது. 2021 மே மாதக் கடல் சீற்றத்தில் அதன் ஒரு பகுதி அமிழ்ந்து சாய்ந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பாம்பனில் 2013 ஜனவரியில் கடற்படையின் மிதவை ஒன்று தறிகெட்டு வந்து ரயில் பாலத் தூணில் இடித்தது நினைவிருக்கும்.

அலைத்தடுப்புச் சுவர்களின் கதையும் படிக்க வேண்டியது. போர்ச்சுகலின் சினெஸ் துறைமுகத்தில் 42 டன் எடையுள்ள, மெல்லிய கைகள் கொண்ட டோலோஸ் என்ற கான்கிரீட் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். 1978 பிப்ரவரிப் புயலில் அவை ஆடி, ஒன்றோடொன்று இடித்து, முறிந்து, தடுப்புச் சுவரே சிதைந்தது. கலிபோர்னியாவின் வடக்குக் கரையில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் வேறு வழி எடுத்தார்கள். அதே 42 டன் எடையில் 1,500-க்கும் மேற்பட்ட டோலோஸ் கட்டிகளைக் கம்பிக்குப் பதில் எஃகு இழை போட்டு வார்த்தார்கள். நம் விழிஞ்ஞம் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் அக்ரோபோட் என்ற கட்டிகளில் கம்பியும் கிடையாது. தடித்த உருவமும் எடையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அமைப்புமே அவற்றின் காப்பு. முறியக்கூடிய மெல்லிய கை இல்லாத உருவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இழையின் தேவையே குறைந்துவிடுகிறது. எந்த இடத்திலும் இழை போடு என்று சொல்பவர் இழை விற்பவராக இருப்பார். முதலில் உருவம், பிறகு பொருள் என்பதே பொறியாளருக்கு அழகு.

கேரளத்தில் நின்று இழையைப் பற்றிப் பேசினால் தென்னை நாரைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். நம் நகரத்திலேயே குடப்பனக்குன்றில் தேசியக் கயிறு ஆராய்ச்சி மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. தென்னை நார் எஃகைவிடப் பல மடங்கு பலம் குறைந்தது. ஆனால் அறுவதற்கு முன் தன் நீளத்தில் 15 சதவீதத்துக்கும் மேல் நீளும். சணல் அப்படி நீளாது. தென்னை நாரில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதியாக இருப்பதால் அது மற்ற தாவர நார்களைவிட மெதுவாக மக்கும். இந்த இரண்டு குணமும் அடி தாங்க உதவும். குறை என்னவென்றால், சிமெண்டின் காரம் ஆண்டுக்கணக்கில் நாரைத் தின்றுவிடும். ஈரம் ஏறி இறங்கும்போது நார் ஊதிச் சுருங்கிப் பிடி தளரும். நாரைப் பதப்படுத்தியும், சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சாம்பல் சேர்த்துக் காரத்தைக் குறைத்தும் இதைத் தாமதப்படுத்தலாம். என் தீர்ப்பு இது: நடைபாதைக் கற்கள், மெல்லிய தடுப்புப் பலகைகள், தோட்டத்து ஓடை மூடிகள், எளிதில் மாற்றக்கூடிய எதற்கும் தென்னை நாரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும். பேருந்து ஏறும் மூடிக்கு இன்றைய நிலையில் எஃகு இழைதான். உணர்ச்சிக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

கடற்காற்று அடிக்கும் ஊரில் எஃகு இழை துருப்பிடிக்காதா என்ற கேள்வியும் வரும். மேற்பரப்பில் தலைகாட்டும் இழைகள் துருப்பிடித்துச் செம்புள்ளி விடும். பார்க்க அழகாக இராது. ஆனால் அவ்வளவு மெல்லிய இழையின் துரு, தடித்த கம்பியின் துருவைப்போல் கான்கிரீட்டைப் பிளக்காது. விரிசல் அகலமாகத் திறந்துவிட்ட இடத்தில் மட்டும், குறுக்கே நிற்கும் இழைகள் நாளடைவில் அரித்துப்போகும். அப்படிப்பட்ட மூடியை மாற்றிவிடுவதே முறை.

களத்தில் வேலை பார்க்கும் கொத்தனார்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் சில வார்த்தை. இழையை மூட்டையோடு கவிழ்த்துக் கொட்டினால் பந்து பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்த உருண்டைக்குள் சாந்து புகாது, அங்கே ஓட்டைதான் இருக்கும். ஜல்லியோடு சேர்த்துச் சிறுகச் சிறுகத் தூவுங்கள். பசை தடவிப் பட்டை பட்டையாக ஒட்டி வரும் இழை கிடைத்தால் அதை வாங்குங்கள், கலவையில் தானே பிரிந்துகொள்ளும். இழை போட்டதும் கலவை விறைக்கும். உடனே கை குழாய்க்குப் போகும். தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். இழையால் கிடைத்த லாபம் முழுவதையும் ஒரு வாளித் தண்ணீர் அழித்துவிடும். அதற்கென்று இருக்கும் ரசாயனக் கலப்பைப் பயன்படுத்துங்கள். வைப்ரேட்டரை ஒரே இடத்தில் வெகுநேரம் பிடித்தால் எஃகு இழை அடியில் தங்கிவிடும்.

பிளாஸ்டிக் இழையைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. சிறு பையில் வரும் 12 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் இழையைக் கன மீட்டருக்கு 900 கிராம் போடுவார்கள். அது ஈரக் கான்கிரீட் காயும்போது வரும் நுண்விரிசலைத் தடுக்கும், நல்ல பொருள். ஆனால் அதைப் போட்டுவிட்டு, இழை போட்டாயிற்று, இனி அடி தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது சரியில்லை. இரண்டும் வேறு வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தினர் இங்கே இருக்கிறீர்கள். மாநகராட்சி வார்டு உறுப்பினர்களை அன்றாடம் பார்க்கிறவர்கள் நீங்கள். உங்கள் கடை முன்னால் புதிய ஓடை மூடி இறங்கும்போது அதன்மேல் எச்.டி. 20 என்றோ இ.எச்.டி. 35 என்றோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பாரச் சோதனைச் சான்றைக் கேளுங்கள். இழை எவ்வளவு, எந்த நீளம் என்று கேளுங்கள். பொறியாளர்களே, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் எம் 25 என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். விரிசல் விட்ட பிறகு மிஞ்சும் பலம் எவ்வளவு வேண்டும் என்பதையும், எத்தனை வட்டுகளை அடித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இழைக் கான்கிரீட் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி கையில் இருக்கிறது, ஐ.எஸ். 12592 இருக்கிறது, தரமணியில் கேட்டால் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். மாணவர்களே, உங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தொலைவில் எங்கும் தேட வேண்டாம். இந்தப் பேருந்து நிலையத்தைச் சுற்றி உடைந்த மூடிகளை எண்ணி, எந்த இடத்தில், எந்த விதத்தில் உடைந்தன என்று வரைபடம் போட்டு மாநகராட்சியிடம் கொடுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் கொடுத்தால் பயன்படும்.